முருங்கை மரத்துக் குருவியும் ஃபேர் ஐல் காற்றும்

அண்ணே, உங்கள் கேள்வியை இரண்டு தடவை படித்தேன். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலில் அதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். மகள் ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்தில், லெர்விக்கில் நர்ஸ். அக்டோபர் முதல் வாரம் லீவு கிடைத்து ஃபேர் ஐல் என்ற குட்டித் தீவுக்குப் போயிருக்கிறார். நிமிர்ந்து நிற்க விடாத காற்று, கண்ணுக்கு எட்டியவரை மரமே இல்லை, ஆனால் பெரிய பெரிய கேமராவோடு பத்துப் பதினைந்து பேர் ஒரு கல் சுவர் ஓரமாகக் குந்தியிருந்து கட்டைவிரல் அளவு பச்சைக் குருவி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். மகள் போட்டோ அனுப்ப, "இது நம் முருங்கை மரத்துக்கு வருகிற குருவிதானே, இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று நீங்கள் கேட்க, அவர் சிரித்துவிட்டார். அதே குருவிதானா, அந்த மொட்டைத் தீவில் பறவைகளுக்கு என்ன வேலை, இதுதான் கேள்வி.

சிரித்தது தப்பு என்று மகளிடம் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது முக்கால்வாசி சரி.

நான் இங்கே மலேசியாவில் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் ஆபீஸ் கிராணியாக இருந்தவன். பறவை பார்க்கிற வியாதி அந்த வேலைக்கு முன்பிருந்தே உண்டு. ஃபேர் ஐலுக்கு நான் போனதில்லை. இருந்தாலும் அங்கே அக்டோபரில் இறங்கும் பல பறவைகளை எனக்குத் தெரியும், ஏனென்றால் அவை வந்து சேர்ந்திருக்க வேண்டிய இடம் நம் பக்கம்தான்.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணுக்கு மேலே நீளமாக வெளிர்மஞ்சள் கோடு, இறக்கையில் இரண்டு வெள்ளைப் பட்டைகள், அதில் கீழ்ப்பட்டை தடிப்பு. மஞ்சள் புருவக் கதிர்க்குருவி, சந்தேகமே இல்லை. எடை ஐந்தாறு கிராம், நம் புது ஐம்பது சென் காசைக் கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். யூரல் மலைப் பக்கத்திலிருந்து கிழக்கே சைபீரியா முழுக்கக் கூடு கட்டும். குளிர் காலத்துக்கு வங்காளம், பர்மா, தாய்லாந்து, அப்புறம் நம் தீபகற்பத்தின் வடக்கு, மலைப் பிரதேசங்கள் என்று இறங்கிவிடும். புக்கிட் ஃபிரேசர் மலைக்கு டிசம்பரில் போனால் தலைக்கு மேலே "சுவீஸ்ட்" என்று ஏறும் குரலில் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும், யாரும் நின்றுகூடப் பார்க்க மாட்டார்கள்.

உங்கள் முருங்கை மரத்தில் வருவது பெரும்பாலும் அதன் பங்காளி, ஆர்க்டிக் கதிர்க்குருவி. கொஞ்சம் பெரிசு, இறக்கையில் மெல்லிய ஒற்றைப் பட்டை, சில சமயம் அதுவும் தேய்ந்து போயிருக்கும், குரல் "ட்ஸிட்" என்று சுருக்கென்று வெட்டும். செப்டம்பரில் வந்து ஏப்ரல் மே வரைக்கும் இருக்கும். கோயில் அரச மரம், பள்ளிக்கூடத்து மழை மரம், சதுப்பு மரம் எதையும் விடாது, இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கிப் புழு பொறுக்கும். முக்கால்வாசி என்றேனே, அந்தக் கால்வாசி இதுதான். ஆனால் கேளுங்கள், இந்த ஆர்க்டிக் குருவியும் ஷெட்லாந்தில் வருடா வருடம் இலையுதிர் காலத்தில் ஒன்றிரண்டாவது தென்படும், அதற்கும் ஆட்கள் ஓடுவார்கள். அதனால் நீங்கள் மகளிடம் தோற்றதாக நான் எழுத மாட்டேன்.

இந்த ஆர்க்டிக் குருவியிடம்தான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பாதி விடை இருக்கிறது. மேற்கே வடக்கு நார்வேயில் ஆரம்பித்து ரஷ்யா முழுக்கத் தாண்டி அலாஸ்கா வரைக்கும் இது கூடு கட்டும். நார்வேயில் பிறந்ததற்குக் குளிர் காலத்தில் ஆப்பிரிக்காதான் கிட்டம், கொஞ்சம் தெற்கே போனால் போதும். அது போகாது. கிழக்கே திரும்பி, சைபீரியா வழியாக அரை உலகத்தைச் சுற்றித் தென்கிழக்கு ஆசியாவுக்குத்தான் வரும். ஏன்? அதன் முன்னோர் கிழக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே பரவியவர்கள், வந்த வழியே திரும்புவது ரத்தத்தில் ஊறியிருக்கிறது. சொந்த ஊருக்குப் போக யாரும் குறுக்கு வழி கேட்பதில்லை, அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குருவிகள் கூட்டமாகவோ அப்பா அம்மா பின்னாலோ போவதில்லை. இரவில், தனியாக, முதல் தடவையிலேயே போகின்றன. மூன்று மாதக் குஞ்சுக்கு யாரும் வழி காட்டுவது கிடையாது. எந்தத் திசை, எத்தனை நாள் என்பது பிறப்பிலேயே இருக்கிறது, அந்தத் திசையைப் பூமியின் காந்தப்புலத்தையும் நட்சத்திரத்தையும் சூரியன் சாய்வதையும் வைத்துப் பிடித்துக்கொள்ளும். இது ஆளுக்கு ஆள் சொல்லும் கதை இல்லை, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்தில் பெர்டெக் என்பவர் வலசை போகும் நேரத்தில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட ஸ்டார்லிங் பறவைகளைப் பிடித்தார், நம் மைனாவுக்குச் சொந்தக்காரன் அது. வளையம் மாட்டி, விமானத்தில் சுவிட்சர்லாந்துக்குக் கொண்டுபோய் விட்டார்கள். 1958இல் முடிவு வெளியானது. ஏற்கெனவே ஒரு தடவை போய் வந்த பெரிய பறவைகள் இடம் மாறியதைப் புரிந்துகொண்டு, வழியைத் திருத்தி, வழக்கமாகக் குளிர் காலம் தங்கும் பக்கமாகத் திரும்பின. குஞ்சுகள்? ஹாலந்திலிருந்து எந்தத் திசையில் பறந்திருக்குமோ அதே திசையில் சுவிட்சர்லாந்திலிருந்து பறந்து ஸ்பெயின் பக்கம் போய் இறங்கின. திசை தெரியும், ஊர் தெரியாது. ஃபேர் ஐலில் வழி தவறி வருகிறவற்றில் பெரும்பாலானவை அந்த வருடத்துக் குஞ்சுகளாக இருப்பதன் காரணம் இதுதான்.

இப்போது தீவுக்கு வருவோம். ஃபேர் ஐல், ஷெட்லாந்துக்கும் ஆர்க்னி தீவுகளுக்கும் நடுவே, இரண்டு பக்கமும் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் கடல் விட்டுத் தனியாகக் கிடக்கிறது. நம் கடற்கரை முனை தஞ்சோங் துவானிலிருந்து எதிரே சுமத்ராவின் ரூப்பாட் தீவு 38 கிலோமீட்டர், அதுபோல ஒரு தூரம். நீளம் ஐந்து கிலோமீட்டர், அகலம் இரண்டரை, பரப்பு 768 ஹெக்டேர். பழைய கணக்கில் ஏறக்குறைய 1,900 ஏக்கர், நாம் வேலை பார்த்த மாதிரி ஒரு நடுத்தரத் தோட்டம், அவ்வளவுதான். ஏறக்குறைய ஐம்பது பேர் இருக்கிறார்கள், ஆடுகள் இருக்கின்றன, உலகத்துக்கே தெரிந்த அந்தக் கோலம் போட்ட கம்பளிச் சட்டை இருக்கிறது, அதற்கு மேல் புல்லும் பாறையும்தான். வடக்குக் கடலில் இரவு முழுக்கப் பறந்து வருகிற ஒரு குருவிக்கு விடியும் நேரம் கண்ணில் படும் முதல் தரை அது.

அதனால் "பறவைகளுக்கு அங்கே என்ன வேலை" என்று கேட்டால், ஒரு வேலையும் இல்லை. அந்தத் தீவு நல்ல இடம் என்று எந்தக் கதிர்க்குருவியும் வருவதில்லை, கடலில் விழுந்து சாகாமல் இருக்க இறங்குகிறது. இறங்கிய பிறகு ஒளிய இடம் இல்லை. முட்டைக்கோஸ் பாத்தி, ஓட்ஸ் வயல், கல் சுவர், முள்செடி, கடலோரம் குடைந்த பள்ளம், இவ்வளவுதான் காற்றுக்கு மறைவு. நம் ஊரில் அதே குருவி ஆயிரம் இலைக்குள் மறைந்துவிடும். அங்கே ஒரு வேலிக் கம்பி மேல் உட்கார்ந்தால் அரை மைல் தூரத்திலிருந்து தெரியும். அங்கே நிறைய வருவதாகத் தோன்றுவதில் பாதி இந்த மொட்டைத்தனத்தால்தான். மகள் பார்த்தது ஒரு குருவியை. அன்றைக்குத் தீபகற்பம் முழுக்க அது மாதிரி எத்தனை லட்சம் இறங்கியிருக்கும், யார் பார்த்தார்கள்?

காற்று விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் "காற்று அடித்துக்கொண்டு வந்துவிட்டது" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்தத் தீவுக்காரர்கள் செப்டம்பர், அக்டோபரில் தினமும் வானிலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், நாம் காலையில் ஆட்களைக் கூட்டும் பெரட்டு நேரத்தில் வானத்தைப் பார்த்து இன்றைக்குப் பால் வெட்டலாமா என்று பார்ப்போமே அதுபோல. அவர்களுக்கு வேண்டியது கிழக்குக் காற்று. ஸ்காண்டிநேவியாவுக்கு மேலே உயர் அழுத்தம் உட்கார்ந்துகொண்டால் அங்கே வானம் தெளிவாக இருக்கும், நட்சத்திரம் தெரியும், பறவைகள் தைரியமாக இரவில் கிளம்பிவிடும். அதன் தெற்கு விளிம்பில் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசும். கிளம்பின இடத்தில் வானம் நன்றாக இருந்தது, நடுக் கடலில் மேகமும் மழையும் வந்து மறித்தது என்றால் முடிந்தது கதை. நட்சத்திரம் போய்விடும், தாழ்ந்து பறக்கும், காற்று மேற்கே தள்ளும், நார்வேயிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் கடல், விடிந்ததும் எது கண்ணில் பட்டாலும் அதில் விழும். அப்படி ஒரு காலையில்தான் நூற்றுக்கணக்கில், சில சமயம் ஆயிரக்கணக்கில், கூட்டமாகக் கொட்டும். அதே தீவில் மேற்குக் காற்று ஒரு வாரம் அடித்தால் ஒன்றும் இருக்காது, ஆட்கள் டீ குடித்துக்கொண்டு அறைக்குள்ளே கிடப்பார்கள், அட்லாண்டிக் புயல் ஒன்று வேகமாக வந்தால் மட்டும் அமெரிக்கக் குருவி ஏதாவது ஒன்று வந்து விழும்.

இது நமக்குப் புதுசு இல்லை அண்ணே. பல வருடத்துக்கு முன்னால், நவம்பர் மாதம், தீபாவளி முடிந்த வாரம் என்று ஞாபகம், இரவு எண்ணெய் ஆலையில் ஷிப்ட். தூறல், தாழ்ந்த மேகம், ஆலை விளக்கு மட்டும் மஞ்சளாக எரிகிறது. காவல்கார ஜாகா வந்து கூப்பிட்டார், "கிராணி, கலர் கோழிக்குஞ்சு ஒன்று விழுந்து கிடக்கிறது" என்று. போய்ப் பார்த்தால் நீல இறக்கைப் பிட்டா. நீலம், பச்சை, வயிற்றில் சிவப்பு, வாலே இல்லாத மாதிரி ஒரு உருண்டை. விளக்கைப் பார்த்து வந்து தகரத்தில் மோதியிருக்கிறது. மைலோ பெட்டியில் ஓட்டை போட்டு வைத்தோம், விடிந்ததும் திறந்தால் ஒரு நிமிடம் எங்களை முறைத்துப் பார்த்துவிட்டுச் செம்பனைக்குள்ளே போய்விட்டது. பிட்டா இரவில் வலசை போகும் என்று அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்து நம்பினேன்.

கிள்ளான் கடலுக்கு வெளியே பெர்மாத்தாங் செடெப்பா கலங்கரை விளக்கம் இருக்கிறதே, அங்கேயும் இதே கதைதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே இரவில் விளக்கில் மோதி விழுந்த பறவைகளை எடுத்து அருங்காட்சியகத்துக்குச் சேகரித்திருக்கிறார்கள், மலாக்கா நீரிணையை எவையெல்லாம் இரவில் கடக்கின்றன என்பதற்கு ஒரு பழைய சாட்சி அது. அப்புறம் 1963 முதல் 1971 வரை மெக்லூர் என்ற அமெரிக்கர் தலைமையில் ஆசியா முழுக்கப் பத்து லட்சத்துக்கும் அதிகமான பறவைகளுக்கு வளையம் மாட்டினார்கள். அந்தக் காலத்தில் புக்கிட் ஃபிரேசரில் பனி மூடிய இரவுகளில் விளக்கு வெளிச்சத்துக்கு வருகிறவற்றை வலை கட்டிப் பிடித்தார்கள். மேகம், மழை, வெளிச்சம், இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த மலையும் ஒரு இரவுக்கு ஃபேர் ஐல் ஆகிவிடும்.

சரி, ஆனால் காற்று மட்டும் போதுமா? நார்வேயிலிருந்து வருகிற பறவைக்குப் போதும். உங்கள் மகள் பார்த்த மஞ்சள் புருவக்காரனுக்குப் போதாது. யூரலிலிருந்து ஷெட்லாந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். ஆறு கிராம் குருவியை அவ்வளவு தூரம் காற்று தூக்கிக்கொண்டு வர முடியாது. அது தானாகவே மேற்கு நோக்கிப் பல இரவு பறந்திருக்கிறது, கடைசிக் கடலில்தான் காற்று கை கொடுத்தது. அப்படியென்றால் அதன் உள்ளே இருக்கிற திசையே வேறு. சிலர் இதைத் தலைகீழ் வலசை என்பார்கள், தென்கிழக்கே போக வேண்டியது நேர் எதிராக வடமேற்கே போய்விட்டது என்று. ரொம்ப அழகான விளக்கம். அது மட்டும்தான் காரணம் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

காரணம், இந்தக் குருவி இப்போது அபூர்வமே இல்லை. ஒரு காலத்தில் பிரிட்டன் முழுக்க ஒரு இலையுதிர் காலத்துக்கு விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுக்குத்தான் வந்தது. 1980களுக்குப் பிறகு ஏறி ஏறி, இப்போது நல்ல வருடத்தில் ஆயிரத்தைத் தாண்டுகிறது. ஸ்பெயின், போர்ச்சுகல், கேனரி தீவுகளில் குளிர் காலத்தைக் கழிப்பவையும் தென்படுகின்றன. இத்தனை பேரும் வழி தவறியவர்களா? இதே மாதிரி நெட்டைக்காலி ஒன்று இருக்கிறது, ரிச்சர்ட்ஸ் நெட்டைக்காலி. நம் வயலில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் சாதி நெட்டைக்காலிக்கு அண்ணன் முறை, அதுவும் சைபீரியாவிலிருந்து தெற்கே இந்தியா, தாய்லாந்து பக்கம் வர வேண்டியது. தெற்குப் பிரான்சில் அதைப் பிடித்து வளையமும் நுண்கருவியும் மாட்டிப் பார்த்தார்கள். அதே பறவை சைபீரியாவுக்குத் திரும்பிப் போய், மறுபடி குளிர் காலத்துக்குப் பிரான்சுக்கே வந்தது. 2021இல் அந்த ஆய்வு வெளியானது. வழி தவறியது என்று நூறு வருடம் நாம் சொல்லிக்கொண்டிருந்த பறவை, புது வழி போட்டுவிட்டது.

திசை மாறுவது பிள்ளைக்கும் வருமா என்றால், வரும். ஜெர்மனியில் பெர்த்தோல்ட் என்பவர் கருந்தலைக் கதிர்க்குருவியை வைத்துக் காட்டினார். அந்த ஊர்க் குருவி வழக்கமாகத் தென்மேற்கே ஸ்பெயின் பக்கம் போகும், ஆனால் சில பத்தாண்டுகளாகப் பிரிட்டனில் குளிர் காலம் தங்கும் கூட்டம் ஒன்று உருவாகியிருந்தது. அந்தக் கூட்டத்தில் சிலவற்றைப் பிடித்துக் கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்தார். குஞ்சுகள் வெளியே பறந்ததே இல்லை, ஆனாலும் இலையுதிர் காலம் வந்ததும் அப்பா அம்மா போன மேற்குத் திசையிலேயே கூண்டுக்குள் துள்ளின. 1992இல் எழுதினார்கள். அதனால் இப்போது எனக்கு ஃபேர் ஐல் குருவியைப் பார்த்தால் "ஐயோ பாவம்" என்று மட்டும் தோன்றுவதில்லை. பெரும்பாலானவை கடலிலோ குளிரிலோ போய்விடும், அது உண்மை. சிலது பிழைத்து, திரும்பிப் போய், குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சும் மேற்கே கிளம்பும். நம் ஆட்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியபோது ஊரில் இருந்தவர்கள் அவர்களை வழி தவறியவர்கள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மகள் பார்த்த அந்தக் கேமரா கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே 1948இல் பறவைக் கூர்நோக்கு நிலையம் ஒன்றை ஆரம்பித்தவர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன். உலகப் போரில் கிரீட் தீவில் பிடிபட்டு ஜெர்மன் சிறை முகாமில் கிடந்தவர், அங்கேயே உட்கார்ந்து இந்த நிலையத்துக்குத் திட்டம் போட்டிருக்கிறார். உடம்பு சரியில்லாமல் 1943இல் திருப்பி அனுப்பப்பட்டபோது கப்பலிலிருந்து அவர் கண்ணில் பட்ட முதல் ஸ்காட்லாந்து நிலம் ஃபேர் ஐல். போர் முடிந்து அந்தத் தீவையே வாங்கிவிட்டார், பிறகு 1954இல் அது அங்குள்ள தேசிய அறக்கட்டளை கைக்குப் போனது. 2019 மார்ச்சில் அந்தக் கட்டடம் தீப்பிடித்து எரிந்தது.

அந்த நிலையத்து ஆட்கள் வேலை செய்யும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், கிராணி புத்தி. காலையில் தீவைப் பிரித்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் நடப்பார்கள், நம் தோட்டத்து டிவிஷன் மாதிரி. கல் சுவரை ஒட்டிப் பெரிய கம்பி வலைக் கூண்டுகள் இருக்கும், வாய் அகலம், போகப் போக குறுகல், கடைசியில் ஒரு பெட்டி. புதரிலிருந்து மெல்ல விரட்டினால் குருவி தானாக உள்ளே போகும். எடை, இறக்கை நீளம் எடுத்து, காலில் வளையம் போட்டு விட்டுவிடுவார்கள். அந்தக் கூண்டுக்கு ஹெலிகோலாந்து என்றே பெயர், ஜெர்மன் கரைக்கு அப்பால் வடக்குக் கடலில் இருக்கும் இன்னொரு காற்றுத் தீவில் கண்டுபிடித்தது. அந்தத் தீவுக்கு 1837இல் ஓவியம் வரையப் போன கேட்கே என்பவர் ஐம்பது வருடத்துக்கு மேல் அங்கேயே தங்கி இரவும் பகலும் வலசையைக் குறித்துவைத்தார். சரி, ஃபேர் ஐலுக்கு வருகிறேன். மாலையில் எல்லோரும் ஓர் அறையில் கூடுவார்கள், ஒருவர் பட்டியலை வரிசையாகப் படிப்பார், மற்றவர்கள் எண்ணிக்கை சொல்வார்கள். தோட்டத்தில் பெயர்ப் பட்டியல் வாசிக்கிறோமே, அந்தச் செக்ரோல் கூப்பிடுவதேதான். இத்தனை வருடம் அப்படி எழுதியதால்தான் மஞ்சள் புருவக்காரன் ஏறிக்கொண்டே போகிறான் என்று இன்றைக்குச் சொல்ல முடிகிறது. நம் பக்கம் அப்படி ஒரு செக்ரோல் யாரும் வைக்கவில்லை, அந்த ஆதங்கம் எனக்கு உண்டு.

நீங்கள் சிரிக்க இன்னொன்று சொல்கிறேன். நம் வேலிக் கம்பியில், லாலான் புல் காட்டில், செம்பனைக் கன்று போட்ட புது ரீபிளான்டில் செப்டம்பரிலிருந்து தினமும் உட்கார்ந்து கட்டைத் தொண்டையில் கத்துமே, கண்ணில் திருடன் மாதிரி கறுப்புப் பட்டி போட்டுக்கொண்டு, பழுப்புக் கீச்சான். பிரிட்டனில் அது முதன்முதலாகப் பதிவானது 1985இல், அதுவும் ஷெட்லாந்தில். நாடு முழுக்கச் செய்தி போனது. இங்கே அது ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்து முள்ளில் குத்தி வைத்திருந்தாலும் நாம் மோட்டார் சைக்கிளை நிறுத்த மாட்டோம். அதே போல லான்சியோலேட்டட் கதிர்க்குருவி என்று ஒன்று, உடம்பெல்லாம் பென்சில் கோடு போட்டது, நம் சதுப்புப் புல்லிலும் வயல் ஓரத்திலும் குளிர் காலம் தங்கும். முப்பது வருடத்தில் நான் சரியாகப் பார்த்தது இரண்டு தடவை, அப்போதும் ஒரு வாலும் ஒரு அசைவும்தான். பிரிட்டனில் அது பதிவானதில் பெரும்பங்கு ஃபேர் ஐலில்தான், அங்கே ஒளியப் புல் போதாமல் எலி மாதிரித் தரையில் ஓடி ஆட்களின் பூட்ஸ் மேலேயே ஏறிப் போகுமாம். நம் பறவையை நன்றாகப் பார்க்க நாம் அங்கே போக வேண்டியிருக்கிறது!

அபூர்வம் தேடி ஓடுகிறவர்கள் ஒன்றைக் கோட்டை விடுகிறார்கள் என்பது என் எண்ணம். மகள் இன்னொரு தடவை போனால் சாதாரணப் பறவைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். அக்டோபர் நடுவில் நார்வேயிலிருந்து சிவப்பிறகுப் பூங்குருவி ஆயிரக்கணக்கில் கடல் தாண்டி வரும், இரவில் வீட்டு வாசலில் நின்றாலே தலைக்கு மேல் "சீ" என்று மெல்லிய குரல் கேட்கும். அதோடு பொற்கொண்டைக் குருவி, அதுவும் ஐந்தாறு கிராம்தான், வழி தவறாமல், தெரிந்தே வடக்குக் கடலைத் தாண்டுகிறது. களைத்து வந்து புல்லில் ஆட்களின் காலடியில் இரை பொறுக்கும். இந்த வேலையை ஒரு கூட்டமே வருடா வருடம் செய்கிறது என்பது எனக்கு அந்த ஒற்றைச் சைபீரியக் குருவியைவிடப் பெரிய ஆச்சரியம்.

இங்கே இப்போது என்ன பார்க்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். காலை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறி நிலம் சூடானதும், செம்பனைக்கு மேலே அண்ணாந்து பாருங்கள், தேன் பருந்துகள் இறக்கையை விரித்துச் சுற்றிச் சுற்றி ஏறித் தெற்கே வழுக்கிக்கொண்டு போகும். அதற்குச் சூடான காற்றின் தூக்கல் வேண்டும், கடல் மேல் அது கிடைக்காது, அதனால் குறுகலான இடம் பார்த்துத்தான் சுமத்ராவுக்குத் தாண்டும். திரும்பி வரும்போது பிப்ரவரி, மார்ச்சில் ரூப்பாட்டிலிருந்து தஞ்சோங் துவானுக்கு வந்து ஏறுவதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது, ஆனால் போகிற காலத்தை யாரும் கண்டுகொள்வதில்லை, பரவலாகப் போவதால் ஒரே இடத்தில் காட்சி கிடைக்காது. மாலையில் பட்டணத்து மின்கம்பிகளில் தகைவிலான்கள், மலாயில் லாயாங்-லாயாங் என்போமே, வரிசையாக வந்து அடையும், கீழே கார் நிறுத்தியவன் பாடு அவ்வளவுதான். நீலவால் பஞ்சுருட்டான் தோட்டத்துக் கம்பியில். கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவிலும் கடலோரச் சேற்றிலும் உள்ளான் கூட்டம், கடல் ஏறும் நேரம் பார்த்துப் போக வேண்டும், வற்றின நேரத்தில் போனால் எல்லாம் ஒரு கிலோமீட்டர் தள்ளிப் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

மகளிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள், அந்தக் குருவியைப் பார்த்த நாளுக்கு முந்தின இரண்டு நாள் காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்று. கிழக்கு, தென்கிழக்கு என்றால் நான் மேலே எழுதினது பொருந்தும். மேற்கு என்றால் அந்தக் குருவி இரண்டு மூன்று நாளுக்கு முன்பே வந்து சுவர் ஓரத்தில் ஒதுங்கியிருந்திருக்கும்.

அப்புறம் உங்கள் முருங்கை. நாளைக்குக் காலை ஏழரைக்கு, கோழிக்கு அரிசி போடுகிற நேரத்தில், பத்து நிமிடம் அசையாமல் நின்று பாருங்கள். இறக்கையில் பட்டை ஒன்றா இரண்டா என்று மட்டும் எனக்கு எழுதுங்கள். இரண்டு என்று எழுதினால் அடுத்த நாள் நானே வந்து நிற்பேன், அண்ணியிடம் காப்பி மட்டும் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.